பனி ஊரில் கோழிக்கூண்டு

கியூபெக்கில் கோழி வளர்க்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது, "குளிரில் விறைத்துச் செத்துப்போகாதா?" என்றுதான். நன்றாக இறகு முளைத்த கோழி மைனஸ் 15 டிகிரியைக்கூடத் தாங்கும். ஆபத்து ஈரத்தில்தான். மூச்சும் எச்சமும் விடும் ஈரம் கூண்டுக்குள் தேங்கினால் கொண்டை நுனி உறைந்து கறுத்துவிடும். அதனால் கோழி அடையும் கட்டைக்கு மேலே, கூரையை ஒட்டி, காற்றுவழி மாரியிலும் திறந்தே இருக்க வேண்டும். காலையில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. கட்டையும் அகலமாக இருக்கட்டும். உட்காரும்போது வயிற்று இறகு விரல்களை மூடிக்கொள்ளும்.

என் ஓட்டு சாண்டெக்ளேர் இனத்துக்கு. ஓகா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் சாத்லான் 1908-இல் தொடங்கி இந்தக் குளிருக்கென்றே உருவாக்கியது. கொண்டையும் தாடியும் பொட்டளவுதான்; உறைய அங்கே என்ன இருக்கிறது? குஞ்சுகளை வசந்தத்தில் வாங்குங்கள். அதற்குமுன் நகராட்சி விதியைப் பாருங்கள். பல ஊர்களில் சேவலுக்கு அனுமதியில்லை.

சூடேற்றும் விளக்கு மட்டும் வேண்டாம். வைக்கோலில் விழுந்தால் கூண்டே எரிந்துவிடும். அந்தக் காசுக்குத் தண்ணீர் உறையாமல் அடியில் சூடாகும் தொட்டி வாங்கலாம். டிசம்பரில் முட்டை குறைந்தால் பதறாதீர்கள்; பகல் குறுகிவிட்டது, அவ்வளவுதான்.