ஆழிப்பேரலை ஆண்டவரின் தண்டனையா?



கடலூருக்கு நாத்திகரின் கேள்விகள் புதியவை அல்ல. 1944-இல் இங்கு வந்த தந்தை பெரியார்மீது செருப்பு வீசப்பட்டது. பதில் இல்லாதவர்களின் பதில் அது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. தேவனாம்பட்டினம் உள்ளிட்ட கடலூர் மாவட்டக் கரையோர ஊர்களில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் பலரை அலை வாரிச் சென்றது. பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்று சிலர் அதைப் புதுமையாகப் பேசினர். அப்படியானால் கரையில் நின்றவர்களை அன்னை கைவிட்டாரா என்று நாத்திக நண்பர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே.

பாவத்துக்குத் தண்டனை என்றவர்களும் உண்டு. இது பழைய வாதம். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. சில நாள்களில் திருநெல்வேலியில் பேசிய காந்தியடிகள், தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் அனுப்பிய தண்டனை அது என்றார். மறுத்தவர் நாத்திகர் அல்லர், இறைவனைப் பாடிய கவி தாகூர். இயற்கை நிகழ்வின் காரணம் இயற்கையில்தான் இருக்கிறது என்றார் அவர். காந்தியடிகள் அந்த மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். அந்தப் பண்பு பெரிது. ஆனாலும், இடிபாடுகளில் மாண்டவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்களே!

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்கிறார் ஆண்டவர். கேட்டவர்களை மனம் மாற அழைத்தாரே தவிர, இறந்தவர்கள்மேல் பழி போடவில்லை.

சுமத்ரா அருகே கடலடியில் நிலத்தட்டு நழுவியது காலை சுமார் 6.30 மணிக்கு. அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. பசிபிக் நாடுகளுக்கு அப்போதே எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது, நமக்கு இல்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது. எல்லாம் இறைசித்தம் என்று சொல்லிவிட்டால், அந்த இரண்டு மணி நேரத்தில் மனிதர் செய்யத் தவறியது மறைந்துபோகும்.

சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு உண்டு. அந்த மரங்களுக்குப் பின்னிருந்த குடியிருப்புகளில் இழப்பு குறைவு என்று அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் எழுதினர். கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமுமே காரணம் என்று வேறு அறிஞர்கள் மறுத்தனர். அறிவியல் இப்படித்தான் நடக்கிறது. நாம் அஞ்ச அதில் ஒன்றுமில்லை.

நிலம் நழுவும் உலகை இறைவன் ஏன் படைத்தார் என்பது இதனால் தீர்ந்துவிடாது. அதை நாத்திகர் மட்டும் கேட்கவில்லை. யோபு கேட்டார். தேவனாம்பட்டினத்தில் பிள்ளையைப் புதைத்த தாயும் கேட்டிருப்பார்.