பின்சீட்டு சினிமாவும் முன்பக்கத்து பாட்டரியும்

நெடும்பயணத்தில் குழந்தைகளை அமைதிப்படுத்தும் திரைகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பெங்களூருப் பெற்றோர்கள் போடத் தவறும் ஒரு கணக்கு.

வெள்ளிக்கிழமை மாலை. பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பில் கார்கள் அங்குலம் அங்குலமாக நகர்கின்றன. சென்னைக்கு இன்னும் 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். ஒன்றின் மடியில் டேப்லெட், இன்னொன்றின் மடியில் லேப்டாப். இரண்டிலிருந்தும் வரும் வயர்கள் ஒரே துளையில் போய் முடிகின்றன. ஒரு காலத்தில் சிகரெட் பற்றவைப்பதற்காக டாஷ்போர்டில் வைக்கப்பட்ட துளை அது. இன்று ஒரு குடும்பத்தின் பயண நிம்மதியே அதை நம்பியிருக்கிறது.

டாம்டாம் நிறுவனத்தின் கணக்குப்படி, 2022ல் பெங்களூருவின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 29 நிமிடங்கள் ஆயின. அந்த ஆண்டின் பட்டியலில் லண்டன் மட்டுமே இதைவிட மெதுவான நகர மையம். ஓசூரைத் தொடுவதற்குள் குழந்தைகளின் பொறுமை தீர்ந்துவிடுகிறது, சாதனங்களின் சார்ஜும்தான்.

இதற்கான சரக்குக்கு நகரில் பஞ்சமில்லை. கார் உபகரணங்களுக்கு ஜே.சி. ரோடு, எலக்ட்ரானிக்ஸுக்கு எஸ்.பி. ரோடு. சீட்டின் பின்புறம் பொருத்தும் திரை, ஒரு துளையை மூன்றாக்கும் அடாப்டர், 12 வோல்ட்டை வீட்டு மின்சாரம்போல 230 வோல்ட்டாக்கும் இன்வெர்ட்டர் என்று எல்லாம் கிடைக்கும். துளைகளைப் பெருக்கலாம். மின்சாரத்தைப் பெருக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

பல கார்களில் அந்தத் துளையின் மூடியிலேயே '12 வோல்ட், 120 வாட்' என்று எழுதியிருக்கும். அதாவது 10 ஆம்பியர். டேப்லெட்டுக்கு 10 முதல் 20 வாட் போதும். பெரும்பாலான லேப்டாப்கள் 65 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் பிளேஸ்டேஷன் 5 போன்ற விளையாட்டுக் கருவி சுமார் 200 வாட் கேட்கும். இன்வெர்ட்டரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 18 ஆம்பியரைத் தாண்டும். ஃப்யூஸ் போய்விடும்.

ஃப்யூஸ் போனால் வயர் தப்பியது என்று பொருள். ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவசரத்தில் அதிக ஆம்பியர் ஃப்யூஸைச் செருகினாலோ, கம்பியைச் சுற்றிச் சமாளித்தாலோ, அடுத்த முறை உருகப்போவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் வயர். காருக்குள் குழந்தைகள் இருக்கும்போது.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் வருவது. என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சுமார் 14 வோல்ட் தந்து சாதனங்களையும் நடத்துகிறது, பாட்டரியையும் நிரப்புகிறது. என்ஜினை அணைத்தால் முழுச் சுமையும் பாட்டரியின் தலையில். கிருஷ்ணகிரி அருகே சாப்பிட நிறுத்துகிறார்கள். தூங்கும் குழந்தையுடன் ஒருவர் காரிலேயே இருக்க, படம் தொடர்கிறது. சிறிய காரின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி அளவுதான். இரண்டு லேப்டாப்பும் ஒரு திரையும் சேர்ந்து 100 வாட் இழுத்தால், இரண்டு மணி நேரத்துக்குள் அதில் பாதி காலி. மூன்று நான்கு வயதான பாட்டரி அதற்கு முன்பே கைவிரிக்கும். பிறகு சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' சத்தம் மட்டுமே. நடுஇரவில், நெடுஞ்சாலை ஓரத்தில், குழந்தைகளோடு.

மின்சாரக் கார்களிலும் இந்தச் சிறு துளை பெரும்பாலும் தனியான 12 வோல்ட் அமைப்பைச் சேர்ந்ததுதான். இந்தியாவில் 2023ல் வந்த ஹூண்டாய் அயானிக் 5 போன்ற சில கார்கள் மட்டுமே பெரிய பாட்டரியிலிருந்து வீட்டு மின்சாரம்போல 3.6 கிலோவாட் வரை வெளியே தருகின்றன.

தப்பிக்கும் வழி எளிது. எல்லாவற்றையும் வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துவிடலாம். 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கில் ஏறக்குறைய 74 வாட்-மணி மின்சாரம் இருக்கும். மாற்றத்தில் வீணாவது போக, ஒரு டேப்லெட்டை ஐந்து மணி நேரமாவது ஓட்டும். டைப்-சி சார்ஜரை ஏற்கும் லேப்டாப்புக்கு இன்வெர்ட்டரே வேண்டாம். காரின் துளையில் செருகும் 65 வாட் சார்ஜர் போதும். என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே எதையும் செருக வேண்டும். அணைப்பதற்கு முன் கழற்றிவிட வேண்டும். கனமான திரையைக் கட்டாமல் வைக்கக்கூடாது. திடீர் பிரேக்கில் அது பறந்துவரும்.

தேவையையும் குறைக்கலாம். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஓடும் காரில் கண் அசையாத திரையைப் பார்க்க, உள்காது அசைவை உணர்வதால் சில குழந்தைகளுக்குக் குமட்டலும் வரும்.

அந்த நேரத்தில் அவர்களை ஜன்னல் பக்கம் திருப்பிவிடலாம். ஓசூருக்கு அப்பால் வரிசைகட்டும் பாறைக் குன்றுகளுக்குச் சார்ஜர் தேவையில்லை.