பிரிண்டர் எங்கே என்று போன் கேட்கும் விதம்

விண்டோஸ் கணினிகளுக்காகப் பிரிண்டர் நிறுவனங்கள் எழுதித் தரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கெடு வைத்துவிட்டது. 2023 செப்டம்பரில் அறிவித்துப் பிறகு தேதி திருத்திய திட்டத்தின்படி, 2026 ஜனவரி முதல் விண்டோஸ் 11-க்கான புதிய டிரைவர்கள் விண்டோஸ் அப்டேட்டில் சேராது. பழையவற்றுக்கான திருத்தங்களும், பாதுகாப்புக் கோளாறுகளுக்கானவை தவிர, 2027-ல் நின்றுவிடும். இனி சி.டி. வேண்டாம், டவுன்லோடு வேண்டாம், பெட்டியைப் பிரித்து பிளக்கைச் செருகினால் வீட்டில் அத்தனை பேரும் பிரிண்ட் எடுக்கலாம் என்று நம்பத் தோன்றும். நடப்பது வேறு. அப்பாவின் லேப்டாப்பிலிருந்து ரயில் டிக்கெட் அச்சாகிறது. பக்கத்து அறையில் மகளின் போன் 'பிரிண்டர் எதுவும் இல்லை' என்கிறது. டிரைவர்கள் ஒழிந்தாலும் இந்தத் தொல்லை ஒழியாது. இது டிரைவரால் வரும் தொல்லையே அல்ல.

அச்சடிப்பதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பக்கத்தைப் பிரிண்டருக்குப் புரியும்படி அனுப்புவது ஒன்று. அதற்கு ஐபிபி என்ற பொது நெறிமுறை 1999-லேயே வந்துவிட்டது. 2010-ல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்டும், 2013-ல் கேனான், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நான்கும் சேர்ந்து தொடங்கிய மோப்ரியாவும் அதன் தோளில்தான் நிற்கின்றன. மற்றொரு வேலை, அந்தப் பிரிண்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. விளம்பரங்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் வீட்டு நெட்வொர்க்கிலேயே மிக அழகான காரியம் இதுதான்.

அலுவலகத்தில் யாருக்கு எந்த முகவரி என்று பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. வீட்டில் யார் இருக்கிறார்கள்? ரௌட்டர் பிரிண்டருக்கு இன்று 192.168.1.7 என்று ஓர் எண் கொடுக்கும். மின்சாரம் போய் வந்தால் அது 192.168.1.12 ஆகலாம். பெயர்ப் பதிவேடு கிடையாது, பொறுப்பாளர் கிடையாது. அப்படியிருந்தும் போனில் 'பிரிண்ட்' என்று தொட்ட ஒன்றிரண்டு நொடிகளில் பிரிண்டரின் மாடல் பெயர் வந்து நிற்கிறது.

போன் கூவிக் கேட்கிறது, அவ்வளவுதான். 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353-ஆம் போர்ட்டில், ஒரே ஒரு கேள்வியைப் போடுகிறது: 'ஐபிபி பேசுகிறவர்கள் யார் யார்?' அந்த முகவரி எந்த ஒரு கருவிக்கும் சொந்தமில்லை. காது கொடுக்கிற எல்லாருக்கும் பொது. மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் என்று இதற்குப் பெயர்.

பழைய கூட்டுக் குடும்ப வீட்டின் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை நினைத்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும். "கத்திரிக்கோல் யார்ட்ட இருக்கு?" என்று அவர் ஒரு குரல் கொடுக்கிறார். இருபது பேர் காதிலும் விழுகிறது. கத்திரிக்கோல் இல்லாதவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். வைத்திருப்பவர்கள் ஒரே மூச்சில் கத்தினால் ஒன்றும் புரியாதல்லவா? அதனால் ஒவ்வொருவரும் பதில் சொல்வதற்கு முன் 20 முதல் 120 மில்லி நொடி வரை, தமக்குத் தோன்றிய அளவு, சற்றுத் தாமதிக்கிறார்கள். பதிலும் பாட்டியின் காதில் கிசுகிசுக்கப்படுவதில்லை. "என்ட்ட இருக்கு, மாடி ரூம்ல" என்று வீடே கேட்கும்படி வருகிறது. கத்திரிக்கோல் தேடாத சித்தியும் அதை மனதில் போட்டுக்கொள்கிறார். நாளைக்கு அவர் கேட்கவே வேண்டாம்.

இங்கேதான் வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. பாட்டி மறுபடி கேட்கும்போது, "சின்னவன்ட்ட ஒண்ணு இருக்குன்னு தெரியும், வேற யார்ட்டயாவது இருக்கா?" என்கிறார். கேள்விக்குள்ளேயே தெரிந்த பதில்களையும் அடுக்கிவிடுகிறார். தன் பெயர் அதில் இருப்பதைக் கேட்ட சின்னவன் வாயே திறப்பதில்லை. கேள்விகளுக்கு இடையே உள்ள இடைவெளியும் ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என்று இரட்டித்துக்கொண்டே போய், கடைசியில் மணிக்கு ஒரு தடவை என்று அடங்கிவிடும். இருபது கருவிகள் உள்ள வீட்டில் நாள் முழுக்க இந்தப் பேச்சு நடந்தும் நெட்வொர்க் திணறாமல் இருப்பதற்குக் காரணம் இந்தச் சிக்கனம்.

பெயர் சூட்டுவதும் இதே வழிதான். புதிய பிரிண்டர் வந்து நின்றவுடன் தன் பெயரை அறிவித்துவிடாது. "இந்தப் பேர்ல இங்க ஏற்கெனவே யாராவது இருக்கீங்களா?" என்று கால் நொடி இடைவெளியில் மூன்று முறை கேட்கும். யாரும் குரல் கொடுக்காவிட்டால்தான் அந்தப் பெயர் அதற்கு. ஏற்கெனவே ஒருவர் இருந்தால், வீட்டில் இரண்டாவதாகப் பிறந்த குமார் சின்னக் குமார் ஆவதுபோல, பெயரோடு '2' சேர்த்துக்கொள்ளும். முறையாக அணைக்கப்படும் பிரிண்டர் 'போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகும். அந்தச் செய்தியில் அதன் ஆயுள் பூஜ்யம் நொடி என்று எழுதியிருக்கும், உடனே எல்லாரும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிளக்கைப் பிடுங்கினால் சொல்லிக்கொள்ள நேரமில்லை. அப்போதுதான் இல்லாத பிரிண்டர் போன் திரையில் தொங்கிக்கொண்டிருக்கும். நெறிமுறை பரிந்துரைக்கும் அளவின்படி அப்படி 75 நிமிடம் வரைகூடத் தொங்கலாம்.

பதிலில் பெயர் மட்டும் வருவதில்லை. கலர் உண்டா, தாளின் இரு பக்கமும் அச்சடிக்குமா, எந்தெந்த ஃபைல் வகைகளை ஏற்கும் என்ற சிறுகுறிப்பும் கூடவே வருகிறது. சில பிரிண்டர்களை லேப்டாப் பார்க்கும், ஐபோன் பார்க்காது என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. ஐபோன் வெறுமனே 'ஐபிபி பேசுகிறவர்கள் யார்' என்று கேட்பதில்லை. அவர்களுள் ஏர்பிரிண்ட் அடையாளம் உள்ளவர்கள் யார் என்று இன்னும் குறுக்கிக் கேட்கிறது. பழைய பிரிண்டருக்கு அந்த அடையாளம் இல்லை, எனவே அது மௌனமாக இருந்துவிடுகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆப்பிளின் லேசர்ரைட்டர் 1985-ல் 6,995 டாலருக்கு விற்றது. ஆளுக்கொன்று வாங்க முடியாத விலை என்பதால் அதைப் பகிரவே ஆப்பிள்டாக் நெட்வொர்க்கில் பெயர் சொல்லித் தேடும் வசதி இருந்தது. இன்டர்நெட் நெறிமுறைகள் வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த வசதி தொலைந்தது. ஸ்டூவர்ட் செஷைர் அதைப் புது நெறிமுறைகளின்மேல் மறுபடி கட்டி எழுப்பினார். ஆப்பிள் 2002-ல் ராண்டேவூ என்றும், 2005 முதல் பான்ஜூர் என்றும் அதை அழைத்தது. 2013 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 6762 ஆக அது பொதுத் தரமாயிற்று.

மகளின் போனுக்கு வருவோம். கூடத்தில் கொடுத்த குரல் கூடத்தோடு நிற்கும்; 224.0.0.251-க்குப் போகும் செய்தியை எந்த ரௌட்டரும் அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்தாது. இன்று பல வீடுகளில், தாங்கள் அறியாமலே, இரண்டு நெட்வொர்க்குகள் ஓடுகின்றன. ஃபைபர் நிறுவனம் வைத்துவிட்டுப் போன பெட்டி ஒன்று. மாடியில் சிக்னல் வரவில்லை என்று கடையில் வாங்கி அதன் பின்னால் செருகிய ரௌட்டர் இன்னொன்று. பிரிண்டர் கீழே 192.168.1 வரிசையில் இருக்கிறது, போன் மேலே 192.168.0 வரிசையில் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாடியிலுள்ள லேப்டாப்பில் பிரிண்டரின் முகவரியைக் கையால் தட்டிச் சேர்த்தால் பக்கம் ஒழுங்காக அச்சாகிவிடும். மாடி ரௌட்டரிலிருந்து வெளியே போக வழி இருக்கிறது, கூவினால்தான் கேட்காது. மாடி ரௌட்டரின் செட்டிங்கில் அதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், கூப்பாடும் கேட்கும்.

விருந்தாளிகளுக்கான கெஸ்ட் வைஃபையில் போன் மாட்டியிருந்தாலும் இதே கதிதான். அது வேண்டுமென்றே கட்டப்பட்ட சுவர். சில ரௌட்டர்களில் 'ஏபி ஐசொலேஷன்' என்றொரு வசதி இருக்கும். அது இயக்கத்தில் இருந்தால் ஒரே வைஃபையில் உள்ள கருவிகள்கூட ஒன்றையொன்று பார்க்காது. பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் போன் 5 கிகாஹெர்ட்ஸிலும் இருப்பதால்தான் கோளாறு என்று பலர் சொல்வார்கள். ஒரே ரௌட்டரின் இரண்டு அலைவரிசைகளும் சாதாரணமாக ஒரே நெட்வொர்க்தான். 2.4 மட்டும் பிடிக்கும் பிரிண்டரை முதல் தடவை வைஃபையில் சேர்க்கும்போது மட்டும் அது முக்கியம்.

சில நாள் தெரிந்து சில நாள் மறையும் பிரிண்டருக்குக் காரணம் வேறு. வைஃபையில் ஒருவருக்கென்று அனுப்பும் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று ஒப்புகை வரும். வராவிட்டால் திரும்ப அனுப்பப்படும். ரௌட்டர் எல்லாருக்கும் பொதுவாக ஒலிபரப்பும் செய்திக்கு ஒப்புகை கிடையாது. பிரிண்டர் அரைத் தூக்கத்தில் இருந்து கேள்வியைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். அந்த நேரத்தில் பிரிண்டர் ரிப்பேர் என்று முடிவுகட்டாமல், அதன் பட்டனை ஒரு முறை அழுத்தி எழுப்பினால் போதும். ரௌட்டரில் 'டிஎச்சிபி ரிசர்வேஷன்' பகுதியில் பிரிண்டருக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுவது இன்னும் நல்லது. அதன்பின் கையால் தட்டிய முகவரி மாறவே மாறாது.

இந்தியாவில் எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் உழைத்துக்கொண்டிருக்கும் கேனான் எல்பிபி 2900-க்கு யுஎஸ்பி வாய் மட்டும்தான், வைஃபையே கிடையாது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது வாங்கச் சொல்வது அநியாயம். அது மாட்டியுள்ள விண்டோஸ் கணினியில் பிரிண்டர் ஷேரிங்கை இயக்கினால் மற்றக் கணினிகளும் அதில் அச்சடிக்கலாம், அந்தக் கணினி விழித்திருக்கும்வரை. லினக்ஸில் சரியாக வேலை செய்யும் யுஎஸ்பி பிரிண்டர் என்றால் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றில் கப்ஸ் என்ற அச்சு மென்பொருளை நிறுவி அதோடு இணைத்துவிடலாம். வாயில்லாத பிரிண்டருக்காகக் கப்ஸும், மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் பேசும் ஆவாஹி என்ற மென்பொருளும் சேர்ந்து குரல் கொடுக்கும். ஐபோன் கேட்கும் ஏர்பிரிண்ட் அடையாளத்தையும் அவையே சொல்லிவிடும்.

எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றிவிட்டால் இந்தக் கூவலே தேவையில்லை என்ற பேச்சும் ஒரு காலத்தில் பலமாக இருந்தது. கூகுள் 2010-ல் கிளவுட் பிரிண்டைத் தொடங்கி, 2020 டிசம்பர் 31-ல் மூடியது. பக்கத்து அறையில் உள்ள பிரிண்டருக்குப் பக்கம் போக வெளியூர் சர்வர் உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை நம்பியவர்கள் அன்று வேறு வழி தேடினார்கள்.

கூவலில் அபாயமும் இல்லாமலில்லை. சொல்கிறவர் யாரென்று பாராமல் நம்பும் ஏற்பாடு இது. 2024 செப்டம்பரில் சிமோனே மார்கரிடெல்லி என்ற பாதுகாப்பு ஆய்வாளர், லினக்ஸின் கப்ஸ் பிரவுஸ்டு என்ற பகுதி 631-ஆம் போர்ட்டில் யார் வந்து 'நான் பிரிண்டர்' என்றாலும் சேர்த்துக்கொள்வதையும், அந்தப் போலியில் ஒரு பக்கம் அச்சடித்தால் எதிரியின் கட்டளை கணினியில் ஓடுவதையும் காட்டினார். அபாயம் பத்துக்கு 9.9 என்று முன்கூட்டியே கிளம்பிய பரபரப்பு மிகை. ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக் கணினியை வெளியிலிருந்து அப்படி எளிதில் தொட முடியாது. நாமாகக் கதவைத் திறந்து வைக்காதவரை. வெளியூரிலிருந்தும் பிரிண்ட் கொடுக்கலாம் என்று ரௌட்டரில் 9100 அல்லது 631 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடச் சொல்லும் யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2018 இறுதியில், அப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான பிரிண்டர்களில், பியூடிபை என்ற யூடியூபருக்கு ஆதரவு கேட்டு யாரோ ஒருவர் தாள் தாளாக அச்சடித்துவிட்டுப் போனார். ரௌட்டரின் 'போர்ட் ஃபார்வர்டிங்' பக்கத்தில் அந்த எண்கள் இருந்தால் அழித்துவிட வேண்டும். வெளியூரிலிருந்து அச்சடிக்க வேண்டியது இருந்தால் வீட்டில் இருப்பவருக்கு ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே வேலை முடிந்துவிடும்.