பத்து அடி தூரத்தில் கிடந்த தம்பி!
கண் தெரியாத அண்ணனுக்கு சாப்பாடு கொண்டு போனபோது விபரீதம்

அண்ணனைப் பட்டினி போட்டுவிட்டு தம்பி ஓடிட்டான்! 1947-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் இப்படித்தான் சந்தேகம் கிளம்பியது.

அங்கே ஹார்லம் பகுதியில் ஒரு பழைய பங்களா. ஹோமர் காலியர், லாங்லி காலியர் என்ற அண்ணன்-தம்பி குடியிருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

அண்ணன் ஹோமர் வக்கீலுக்குப் படித்தவர். 1933-ல் பார்வை பறிபோனது. பிறகு வாதநோய் வந்து படுத்த படுக்கையானார். வெளியே தலைகாட்டுவதே இல்லை.

எல்லாமே தம்பிதான். ராத்திரியில் போய் சாப்பாடு கொண்டு வருவார். டாக்டரை அழைக்கவில்லை. ஆரஞ்சு சாப்பிட்டால் கண் தெரியும் என்று நம்பி, வாரம் 100 பழம் கொடுத்தார். பார்வை வந்ததும் அண்ணன் படிக்கட்டுமே என்று பழைய பேப்பரையெல்லாம் சேர்த்து வைத்தார்! வீடே குப்பைமேடானது. திருடர்களுக்குப் பயந்து வழியெல்லாம் பொறி வைத்தார்.

மார்ச் 21-ந் தேதி போலீசுக்குத் தகவல் வந்தது. ஜன்னல் வழியாகப் புகுந்தார்கள். உள்ளே ஹோமர் பிணம்! தம்பியைக் காணோம். வெளியூர்களிலும் வலை வீசினார்கள்.

ஏப்ரல் 8-ந் தேதி மர்மம் உடைந்தது. அண்ணன் பிணம் கிடந்த இடத்திலிருந்து 10 அடி தூரத்தில், குப்பைக்கு அடியில் தம்பியின் பிணம்! சாப்பாடு கொண்டு போனவர், தான் வைத்த பொறியிலேயே சிக்கி நசுங்கிவிட்டார். ஊட்ட ஆள் இல்லாமல் அண்ணன் பிறகு இறந்திருக்கிறார்.

வீட்டிலிருந்து அள்ளிய சாமான் 120 டன்னுக்கு மேல்.

தம்பி ஓடவில்லை. அண்ணனிடம்தான் போய்க்கொண்டிருந்தார்.