மொட்டைமாடியில் பால்வீதி

டிவி ஓடுகிறதா இல்லையா என்பதைத் திரையைப் பார்க்காமலே சொல்லிவிடும் பிள்ளைகள் ஒருகாலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். 1980களில் அரைக்கால் சட்டை போட்டவர்களுக்கு நினைவிருக்கும். சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தாலும், பக்கத்து வீட்டுத் திண்ணையில் நின்றபடியே “உள்ள டிவி போட்டிருக்காங்க” என்று கண்டுபிடித்துவிடுவோம். காதுக்குள் மெல்லிசாக ஒரு ‘கீ...’ கேட்கும். தாத்தாவிடம் சொன்னால், “எனக்கு ஒண்ணும் கேக்கலையேடா” என்பார். பையன் புளுகுகிறான் என்று முடிவாகிவிடும்.

பையன் புளுகவில்லை. அந்தக்கால டிவியில் ஒரு படம் என்பது 625 கிடைக்கோடுகள். நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் நொடிக்கு 15,625 கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் எலெக்ட்ரான் கற்றையை இடமிருந்து வலமாக இழுத்துப் போய், மறுபடி இடப்பக்கம் கொண்டுவந்து விட வேண்டும். அந்த வேலையில் பங்கெடுக்கும் டிரான்ஸ்பார்மர் அதே வேகத்தில் நுணுக்கமாக அதிரும், அதிர்வதால் ஒலிக்கும். குழந்தைக் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற இந்த உச்சஸ்தாயிதான் முதலில் கழன்றுகொள்ளும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு 15,000-க்கு மேல் அநேகமாக ஒன்றும் எட்டாது. அந்த ‘கீ’ பிள்ளைகளுக்கு மட்டும் ஒலிபரப்பான நிகழ்ச்சி.

பழைய டிவி நினைவுகள் என்றாலே எல்லாரும் ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிறு காலை ராமாயணம், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை என்று போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ நிகழ்ச்சிகளைவிடக் கோளாறுகள்தான் சுவாரசியம். நிழல், கோடு, புள்ளி, திடீரென்று சிங்களம் பேசும் திரை என்று அன்றைக்குத் திட்டித் தீர்த்த ஒவ்வொன்றும் வெளியே உலகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதற்கான தடயம்.

முதலில் ஆன்ட்டெனா. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதற்குப் பிறகுதான் நம் மொட்டைமாடிகளில் அந்த மீன்முள் முளைத்தது. அதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அத்தனை அலுமினியக் குழாய்களில் ஒன்றிலிருந்துதான், அதுவும் வளைத்து மடித்த ஒன்றிலிருந்துதான், பட்டை வயர் கீழே இறங்கும். மற்றக் குழாய்கள் எந்த வயரோடும் சேராமல் சும்மா நிற்கும். சும்மா நிற்பதுதான் அவற்றின் வேலை. அலை வந்து மோதியதும் அவற்றிலும் மின்னோட்டம் கிளம்பும். அவையும் தம் பங்குக்கு அலையைத் திருப்பி வீசும். பின்னால் இருக்கும் குழாய் கொஞ்சம் நீளம், முன்னால் இருப்பவை கொஞ்சம் குட்டை. அந்தச் சிறு வித்தியாசத்தால், முன்பக்கத்திலிருந்து வரும் அலைகள் நடுக்குழாயில் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கின்றன. பின்பக்கத்து அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. “கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புடா” என்று கீழேயிருந்து அம்மா கத்தியதற்கும், படிக்கட்டில் நின்ற தங்கை அதையே வாங்கி மேலே கத்தியதற்கும் காரணம் இதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் ஹிடெட்சுகு யாகியும் ஷின்டாரோ உடாவும். 1926இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான வேலையைச் செய்தவர் உடா, பெயர் மட்டும் யாகிக்குப் போனது. ஜப்பானிய ராணுவம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்தபோது ஒரு பிரிட்டிஷ் ரேடார்காரரின் குறிப்பேட்டில் ‘யாகி’ என்று பார்த்துக் குழம்பி, அது என்ன என்று கைதியிடமே விசாரித்தார்கள். உங்கள் ஊர்ப் பேராசிரியர்தான் என்று பதில் வந்தது என்பார்கள்.

இன்னொரு விஷயம். கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை படம் பளிச்சென்று இருக்கும். கையை எடுத்ததும் போய்விடும். “அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லு” என்பது அந்தக் காலத்து மூத்த பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட தண்டனை. சென்னை நிலையம் 60 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் ஒளிபரப்பியது. அலைநீளம் ஏறத்தாழ ஐந்து மீட்டர். நடுக்குழாய் அதில் பாதி. மனித உடலோ உப்புத்தண்ணீர் நிரம்பிய கடத்தி. நின்றுகொண்டிருக்கும் ஒரு பெரிய ஆள் ரேடியோ அலைகளை மிக அதிகமாக உள்வாங்குவது 70 மெகாஹெர்ட்ஸ் வாக்கில்தான். ரேடியோ அலைகளுக்கான பாதுகாப்பு வரம்புகள் இந்தப் பகுதியில் கடுமையாக இருப்பதும் இதனால்தான். மாடியில் நின்ற அண்ணன், ஆன்ட்டெனாவுக்கு இன்னொரு குழாயாகவே வேலை பார்த்தார்.

அடுத்தது நிழல். கதாநாயகனுக்கு வலப்பக்கம் மங்கலாக இன்னொரு கதாநாயகன் நிற்பார். ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து நேராக வரும் அலை ஒன்று. ஏதோ பெரிய கட்டடத்திலோ குன்றிலோ பட்டுச் சுற்றிவரும் அலை இன்னொன்று. சுற்றிவருவது தாமதமாக வரும். எவ்வளவு தாமதம் என்று அடிக்குச்சியை வைத்தே கண்டுபிடிக்கலாம். திரையில் ஒரு கோடு வரைய ஆகும் நேரம் 52 மைக்ரோநொடி. இருபது அங்குல டிவியின் அகலம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். ஆக, ஒரு மைக்ரோநொடித் தாமதம் என்பது திரையில் 8 மில்லிமீட்டர் நகர்வு. அந்த நேரத்தில் அலை 300 மீட்டர் போயிருக்கும். நிழல் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால், அலை கிட்டத்தட்ட 600 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்திருக்கிறது என்று அர்த்தம். ஒளியின் வேகத்தை வைத்து ஊரை அளக்கும் கருவி கூடத்திலேயே இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் விமானம் தாழப் பறக்கும்போது படம் மின்னிமின்னி மறையும். அதுவும் எதிரொலிப்புதான், எதிரொலிக்கும் பொருள் நகர்ந்ததால் அலைகள் மாறிமாறிக் கூடின, கழிந்தன.

தென்மாவட்டக் கடலோரத்தில் கதையே வேறு. அங்கே ஆன்ட்டெனாக்கள் பார்த்தது கடலை. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. அதன் முதன்மைக் கோபுரம் நின்றது இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில். அவ்வளவு உயரத்திலிருந்தும் அலைகள் சாதாரணமாக எட்டுவது 200 கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். ராமேஸ்வரமோ அந்த மலையிலிருந்து 300 கிலோமீட்டர், தூத்துக்குடி இன்னும் தள்ளி. பிறகு எப்படி வந்தது? உதவியது கடல். கடற்பரப்பை ஒட்டிய காற்று ஈரமும் குளுமையுமாக இருக்க, அதன்மேல் நிலத்திலிருந்து வந்த உலர்ந்த வெப்பக்காற்று படியும்போது, இரண்டுக்கும் இடையில் அலைகள் கீழ்நோக்கி வளையும். பூமியின் வளைவுக்கு ஈடாக அவையும் வளைந்துகொண்டே போனால், ஒரு குழாய்க்குள் ஓடுவதுபோல நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். கானல் நீரில் வெளிச்சம் மேல்நோக்கி வளைகிறதே, அதே இயற்பியல் இங்கே தலைகீழாக நடக்கிறது. காற்று பலமாக அடித்து அடுக்குகளைக் கலக்கிவிட்டால் அன்றைக்கு ரூபவாஹினி கிடையாது. நேற்றுக் கண்ணாடி மாதிரி தெரிந்தது இன்று ஏன் தெரியவில்லை என்று ஆன்ட்டெனாவைக் குறை சொன்னவர்கள் உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தது மன்னார் வளைகுடாவின் வானிலையை.

பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டால் திரை முழுக்கக் கோடு விழும். மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் சுழலும்போது பொறி பறக்கிறது. பொறி ரேடியோ அலையைக் கிளப்புகிறது. 1880களில் ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகள் உண்டென்று நிரூபித்ததும் இப்படிப் பொறி பறக்கவிட்டுத்தான். சட்னி அரைத்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய விஷயம். நிகழ்ச்சிகள் முடிந்தபின், அல்லது நிலையமே எட்டாதபோது, திரை முழுக்கக் கொப்பளிக்கும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். கிரெயின்ஸ் வருகிறது என்போம். அந்தப் புள்ளிகளில் நூற்றில் ஒன்று பெருவெடிப்பின் மிச்ச ஒளி என்று பல அறிவியல் கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். அழகான செய்திதான், நம் மாடிகளுக்கு அது அப்படியே பொருந்தாது. பெருவெடிப்பின் மிச்சம் வெறும் 2.7 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்துபோன கதிர்வீச்சு. 60 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் வானத்தை ஆள்வது அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் உரத்த வேறொன்று: நம் பால்வீதி. விண்மீன்களுக்கு இடையே உள்ள காந்தப்புலத்தில், கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள் இடைவிடாமல் ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. மிக்ஸியும் மொபெட்டும் ஓய்ந்த கிராமத்து இரவில் திரையில் கொப்பளித்த புள்ளிகளில் கணிசமான பங்கு அவற்றின் கைவரிசை.

இதை முதலில் கவனித்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கார்ல் ஜான்ஸ்கி. கடல் கடந்த தொலைபேசியில் குறுக்கிடும் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். ஃபோர்டு காரின் சக்கரங்களை மாட்டி, சுற்றிச்சுற்றி வரும் ஆன்ட்டெனா ஒன்றைக் கட்டி, 20.5 மெகாஹெர்ட்ஸில் கேட்டார். இடிமழையின் கரகரப்பு நீங்கலாக ஒரு மெல்லிய இரைச்சல் மிஞ்சியது. அது நாளுக்கு ஒருமுறை உச்சத்துக்கு வந்தது. ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்ல, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை. அது விண்மீன்களின் நாள், சூரியனுடையது அல்ல. இரைச்சல் வந்த திசை தனுசு ராசி, பால்வீதியின் நடுப்பகுதி. 1933இல் அறிவித்தார். வானொலி வானியல் அங்கே பிறந்தது.

கோடைப் புழுக்கத்தில் மாடியில் பாய் விரித்துப் படுத்தவர்கள் பின்னிரவில் தெற்கே பார்த்திருப்பார்கள், வெளுத்த புகையாக அதே தனுசுப் பகுதி எழும். கீழே அணைக்க மறந்த டிவியிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

தூர்தர்ஷனின் பழைய டிரான்ஸ்மிட்டர்கள் அநேகமாக எல்லாம் 2022 வாக்கில் மூடப்பட்டுவிட்டன. இப்போதைய பெட்டிகள் சிக்னல் இல்லையென்றால் நீலத்திரை காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கின்றன. பால்வீதி நிற்கவில்லை. பரணில் பழைய பேட்டரி எஃப்எம் ரேடியோ கிடந்தால் எடுத்துப் பாருங்கள், நிலையம் இல்லாத இடத்தில் தானாக ஊமையாகிவிடாத ரகமாக இருக்க வேண்டும். எல்இடி பல்புகளும் செல்போன் சார்ஜர்களும் எட்டாத வயல்வெளிக்குப் போய், ஏரியலை முழுக்க இழுத்து, இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள்ளை நிறுத்துங்கள். வருகிற ‘உஸ்’ஸில் ஒரு பங்கு அங்கிருந்து வருவதுதான்.