நகருக்குள் ஒரு நகரம் – 7: உட்கார ஓர் இடம்

காலை எட்டரைக்கு மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். துணி வாங்க வருகிறவர்கள் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டார்கள். ரங்கநாதன் தெருவுக்குள் விறுவிறுவென்று நுழைகிறவர்கள் கடைகளில் வேலை பார்ப்பவர்கள். பக்கத்துச் சந்துகளில் இருக்கும் ஹாஸ்டல்களிலிருந்து யூனிபார்ம் சேலையில் பெண்கள் கூட்டமாக நடந்து வருவார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துப் பேச்சு காதில் விழும்.

நூறு வருடங்களுக்கு முன் ஏரியாகக் கிடந்த இடம் இந்தத் தி.நகர். 1920களில் அதைத் தூர்த்து மனை போட்டு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். குடியிருக்க அமைத்த பேட்டை, இன்று தமிழ்நாட்டின் பெரிய கடைத்தெரு.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடைக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். புடவைப் பிரிவில் இருந்த பெண் நாற்பது புடவைகளையாவது பிரித்துக் காட்டியிருப்பாள். இடையிடையே ஒரு காலைத் தூக்கி மறு காலின் மேல் வைத்துக்கொண்டாள்.

“எந்த ஊரும்மா?”

“சங்கரன்கோவில் பக்கம்க்கா.”

“கூட்டம் இல்லாத நேரத்துல கொஞ்சம் உட்காரலாம்ல?”

“சூப்பர்வைசர் ஏசுவாருக்கா.”

அவள் உட்காருவதற்குச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பும், நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வும் அன்றே அதில் எழுதப்பட்டன. இருக்கை மட்டும் 74 வருடம் கழித்துத்தான் வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவந்த திருத்தம், எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும் என்கிறது.

இதற்கு வழிகாட்டியது கேரளம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்களைத் திரட்டியவர் விஜி என்ற தையல் தொழிலாளி. கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம் இருக்கைக்கான கோரிக்கையாக வளர்ந்தது. 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. இங்கே வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இலேயே ரங்கநாதன் தெரு ஊழியர்களின் வாழ்க்கையைத் திரையில் காட்டியிருந்தது. பார்த்து அழுதோம். அடுத்த வாரமே அதே தெருவில் துணி எடுத்தோம்.

நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குக் கால் வீங்கும், காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். மாதவிடாய் நாட்களில் அந்த வலி இரட்டிப்பாகும். ஒரு ஸ்டூலின் விலை, அந்தக் கடையில் விற்கும் ஒரு சாதாரணப் புடவையின் விலைக்கு மேல் போகாது. முதலாளியைத் தடுப்பது பணம் இல்லை. ஊழியர் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற எண்ணம்தான். அந்த வருகிறவர்கள் நாம்.

அடுத்த முறை தி.நகர் போகும்போது, புடவையைப் புரட்டுவதற்கு முன் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மேலாளரிடம் கேளுங்கள். இருந்தால், “நீ உட்காரும்மா, நாங்க பார்த்துக்கிட்டு இருக்கோம்” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.

(தொடரும்)