சாமை விளையும் மலையில் மாரடைப்பு

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் வைத்தியம் பார்க்கிறேன். முன்பெல்லாம் மலையிலிருந்து அவசரமாக இறக்கிக் கொண்டுவருவது என்றால் பாம்புக்கடி, பிரசவம், மரத்திலிருந்து விழுந்தது என்றுதான் இருக்கும். இப்போது அந்த வரிசையில் நெஞ்சுவலியும் சேர்ந்துவிட்டது. வருகிறவர்களில் பலர் ஒல்லியானவர்கள், நாற்பதைத் தாண்டி அதிக நாள் ஆகாதவர்கள். "மேட்டுல ஏறி எறங்குற ஆளுக்கு எப்படி சார் கொழுப்பு வரும்?" என்று உடன் வந்தவர்கள் என்னையே கேட்கிறார்கள்.

கொழுப்புக் கோளாறு நகரத்துக்காரர்களின் சொத்து என்று நினைத்திருந்த காலம் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுக்க 1,13,043 பேரைப் பரிசோதித்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 24 பேருக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகம். நல்ல கொழுப்பு (எச்.டி.எல்.) குறைந்தவர்களோ மூன்றில் இரண்டு பங்கு. தொப்பை இருக்கிறதா, எடை என்ன என்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வலிக்காது, சோர்வு தராது, மயக்கம் வராது. ரத்தக்குழாயை அடைத்த பிறகுதான் தன்னை வெளிக்காட்டும்.

வாயு என்று கழியும் இரவு

நெஞ்சு அழுத்துகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, இடது கை கனக்கிறது. வீட்டில் முதலில் ஓமத்தண்ணீர். கேட்கவில்லை என்றால் பெட்டிக்கடை சோடா. அதற்கும் அடங்காவிட்டால் யாருக்கோ எழுதிக்கொடுத்த கேஸ் மாத்திரை. பொழுது விடியட்டும், முதல் பஸ்ஸில் போகலாம் என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். அடைப்பைத் திறக்கும் மருந்து முதல் சில மணி நேரத்தில்தான் முழுப் பயன் தரும். 12 மணி நேரம் தாண்டி வந்தால், காப்பாற்றியிருக்க வேண்டிய இதயத் தசையில் பெரும்பகுதி செத்திருக்கும். பிழைத்தாலும், பிறகு நாலு படி ஏறினாலே மூச்சிரைக்கும்.

மலையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு முதலுதவியாக 14 மாத்திரைகள் தருகிறார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. அதைப் போட்ட கையோடு 108 ஆம்புலன்ஸில் ஏற்றித் திருவண்ணாமலை அரசு மருத்துவமனைக்கோ வேலூர் அருகே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். மலைமேலுள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் வளைந்து வளைந்து போகும் மலைப்பாதைதான். அதனால் இங்குள்ளவர்கள் மற்றவர்களைவிட முன்னதாகக் கிளம்ப வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலும் வியர்வையுமாகக்கூட மாரடைப்பு வரும். வந்தது வெறும் வாயுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும், கிளம்பி வாருங்கள், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து நாங்கள் சொல்கிறோம்.

சாமை எங்கே போனது

இந்த மலையின் பயிர் சாமை. கூடவே கேழ்வரகு, தினை, கொள்ளு, துவரை, மொச்சை. நெல்லுச்சோறு விசேஷ நாளில் தின்றதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது முறை தலைகீழாகிவிட்டது. சாமை மூட்டை வியாபாரியிடம் போகிறது. வீட்டில் மூன்று வேளையும் ரேஷன் அரிசி. இதற்காக யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சாமையை உலக்கையால் குத்தி, புடைத்து, உமி நீக்கும் பாடு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. இலவச அரிசி வந்ததும் அந்த வேலை ஒழிந்தது. பசியும் ஒழிந்தது. அது நல்லதுதான்.

ஆனால் அரிசியோடு நிற்கவில்லை. ஒரு நடை போய்வந்த இடத்துக்கு இப்போது பைக். கேரளத்துத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் பரோட்டாவுக்குப் பழகித் திரும்புகிறார்கள். சந்தைக்கு வந்தால் பஜ்ஜியும் போண்டாவும், நாள் முழுக்கக் கொதித்துக் கறுத்த எண்ணெயில். நாலைந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. இதோடு பீடியும் சாராயமும் சேர்ந்துவிட்டால் வேறென்ன வேண்டும்? தீட்டிய அரிசியும் சர்க்கரையும் மதுவும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பை ஏற்றி, நல்ல கொழுப்பைக் குறைக்கும். பீடிப் புகை ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி, கெட்ட கொழுப்பு (எல்.டி.எல்.) உள்ளே படிய வழிவிடும். கறி வாரத்தில் ஒருநாள்கூடத் தின்னாதவருக்கு அடைப்பு வருவது இப்படித்தான்.

கஷாயம் எதையும் கரைப்பதில்லை

மலைவாசிகள் தாமதமாக இறங்கி வருகிறார்கள் என்றால், சமவெளிக்காரர்கள் கொழுப்பைக் கரைக்க மலையேறி வருகிறார்கள். மலைத்தேன், மருதம்பட்டை, கடுக்காய், ஏதாவது ஒரு வேர். கொல்லிமலையில் பேர்பெற்ற முடவாட்டுக்கால் கிழங்கைத் தேடி இங்கேயும் விசாரிக்கிறார்கள். மூட்டுவலிக்கென்று மலைமக்கள் சூப் வைத்துக் குடிக்கும் கிழங்கு அது. கொலஸ்ட்ராலுக்கு மருந்தாக எந்த மருத்துவ வழிகாட்டியும் அதைச் சொல்லவில்லை.

என் பொறுமையை அதிகம் சோதிப்பது இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர், தேன் ஐந்தையும் காய்ச்சிக் குடித்தால் இதய அடைப்பு கரைந்துவிடும் என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தி. பல வருடமாகச் சுற்றுகிறது, சாகவே மாட்டேன் என்கிறது. அடைப்பு என்பது சமையலறைக் குழாயில் ஒட்டிய பிசுக்கு இல்லை, புளித்த எதையாவது ஊற்றிக் கழுவிவிட. அது ரத்தக்குழாயின் சுவருக்குள்ளே, உள்தோலுக்கு அடியில் வருடக்கணக்கில் சேர்ந்தது. குடிக்கிற எதுவும் அங்கே நேராகப் போய்க் கரைப்பதில்லை. ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் இந்தக் காரத்தையும் புளிப்பையும் வெறும் வயிற்றில் குடித்து வயிற்றுப்புண்ணோடு வருகிறார். மலம் கறுப்பாகப் போகிறது என்று சொன்ன பிறகுதான் உள்ளே ரத்தம் கசிவது தெரிகிறது.

தேன் கொழுப்பைக் கரைக்காது. வெந்நீரில் கலந்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் அது சர்க்கரைதான். அசல் மலைத்தேனாக இருந்தாலும் அப்படித்தான்.

'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது நம்மூர்ச் சொலவடை. கொள்ளு அருமையான பயறு, மறுக்கவில்லை. ஆனால் வடித்த தண்ணீரை ரசமாக்கிக் குடித்துவிட்டு, வெந்த கொள்ளை மாட்டுக்கு வைக்கிறார்கள். நமக்கு வேண்டிய நார் அந்தக் கொள்ளில்தான் இருக்கிறது. சுண்டலாக, துவையலாக, கடைந்து குழம்பாக மென்று தின்னுங்கள்.

செக்கு எண்ணெய் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்பது இன்னொரு தவறு. செக்கில் ஆட்டியதால் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு மாறிவிடாது. அதில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆகவே அவை நல்ல எண்ணெய்கள், அளவோடு. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பைத் தின்ற பிறகு, கெட்ட கொழுப்பை ரத்தத்தில் தேங்கவிடுவது உங்கள் கல்லீரல்.

முட்டையைப் பற்றிக் கேட்காத ஆளில்லை. பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒன்று பரவாயில்லை. அதைப் பொரிக்க ஊற்றும் எண்ணெயைப் பாருங்கள்.

மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள்

இது எனக்குக் கோபம் வருகிற இடம். மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, நன்றாகிப் போனவர் ஆறாவது மாதம் திரும்ப வருகிறார். "கொழுப்பு மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்னாங்க சார். நிறுத்திட்டு மருதம்பட்டை குடிக்கிறேன்." யார் சொன்னது என்றால் பதில் இருக்காது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கிட்னியைக் கெடுப்பதில்லை. சிலருக்குத் தசைவலி வரும். அளவைக் குறைத்தோ மாத்திரையை மாற்றியோ சரிசெய்யலாம். சிலருக்குச் சர்க்கரை சற்று ஏறும்; மாரடைப்பைத் தடுக்கும் பலன் அதைவிடப் பல மடங்கு பெரிது. கருவுற்றிருப்பவர்கள், கருவுறத் திட்டமிடுபவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சுகாதார நிலையத்தில் உயிர்காக்க ஒரே மூச்சில் எட்டுப் போடச் சொல்கிறார்களே, அந்த அட்டோர்வாஸ்டாட்டினும் ஸ்டாட்டின் மாத்திரைதான்.

"அது கெமிக்கல், இது இயற்கை" என்பவர்களுக்கு ஒரு தகவல். ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-இல் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தது ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்து. இயற்கையிலிருந்து வந்ததா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. எவ்வளவு குடித்தால் எவ்வளவு குறையும், யாருக்குத் தீங்கு என்று அளந்து பார்த்ததா என்பதே கேள்வி.

பரிசோதனை

20 வயதுக்கு மேல் ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம். கெட்ட கொழுப்பு அதிகமென்றால் தைராய்டும். முதல் பரிசோதனைக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

தட்டில் மாற வேண்டியது

உணவு எவ்வளவு செய்யும், எங்கே நின்றுவிடும் என்று இரண்டையும் சொல்லிவிடுகிறேன். சிறுதானியங்கள் பற்றிய 19 ஆய்வுகளை இக்ரிசாட் என்னும் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிலான குழு ஒன்றுதிரட்டி 2021-இல் வெளியிட்டது. சில வாரங்களிலிருந்து நான்கு மாதம் வரை அரிசிக்கும் கோதுமைக்கும் பதில் சிறுதானியம் தின்றவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 8 சதவீதமும், கெட்ட கொழுப்பும் டிரைகிளிசரைடும் 10 சதவீதத்தை ஒட்டியும் குறைந்தன. கெட்ட கொழுப்பு 160 இருந்தவருக்கு அது ஏறத்தாழ 144-க்கு வரும். எண்ணெய், வறுவல், சர்க்கரை, எடை எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்தால் இன்னும் இறங்கும். இதயநோய் வராதவருக்கு இதுவே பல நேரம் போதும், மாத்திரையே வேண்டியிருக்காது. ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வகுத்த இலக்கு 55-க்குக் கீழே. சாமைச் சோறு மட்டும் தின்று 160-லிருந்து அங்கே இறங்க முடியாது. அவருக்குச் சாமையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

சாமையை வாங்கும்போது வெள்ளை வெளேரென்று தீட்டியதை வாங்காதீர்கள். தவிடு ஒட்டிய மங்கல் நிறச் சாமையில்தான் நார் இருக்கிறது. இப்போது உலக்கை பிடிக்க வேண்டியதில்லை. உமி நீக்க இயந்திரம் வந்துவிட்டது. சாமை பயிரிடுகிறவர்கள் விற்பதற்கு முன் வீட்டுக்கு இரண்டு மூட்டை ஒதுக்கி வையுங்கள். நாளுக்கு ஒரு வேளை போதும், இரவுச் சோறு சாமையாக இருக்கட்டும். காலையில் கேழ்வரகுக் கூழ். தட்டில் பாதி கீரை, அவரை, மொச்சை, முருங்கை. சாமையும் அளவாகத்தான், மலையளவு குவித்தால் அதுவும் மாவுச்சத்துதான்.

எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். ரேஷன் பாமாயிலில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு. அதைக் கொட்டிவிடுங்கள் என்று 25 ரூபாய்க்கு வாங்குகிறவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. தாளிப்பதோடு நிறுத்துங்கள், பொரிக்காதீர்கள், பொரித்ததை எடுத்து வைத்து மறுபடி காய்ச்சாதீர்கள். கையில் காசு இருக்கும் மாதம் கடலை எண்ணெய் வாங்குங்கள். கருவாட்டை வாரம் ஒருநாளாகக் குறையுங்கள். அதன் உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும். தினம் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் டிரைகிளிசரைடு இறங்கும். பைக்கை அரைமைல் முன்னால் நிறுத்துங்கள்.

வழிவழியாக வரும் கொழுப்பு

சிலருக்கு எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் கெட்ட கொழுப்பு 190-க்குமேல் நிற்கும். இமையோரம் மஞ்சள் திட்டு, குதிகால் தசைநாணிலும் விரல் முட்டியிலும் கட்டி தெரியும். அப்பாவும் சித்தப்பாவும் இளவயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்திருப்பார்கள். இது பரம்பரைக் கோளாறு, சுமார் 250-லிருந்து 300 பேரில் ஒருவருக்கு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணந்து இரு பக்கமும் இக்கோளாறு இருந்தால், பிள்ளைக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வரலாம். இந்த வீடுகளில் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். பத்தியம் இருந்து பார்க்கிறோம் என்று நாள் கடத்தாதீர்கள்.

கேட்டுக்கொள்வது

பீடியை விடுங்கள். இன்றைக்கே. குறைத்துக்கொள்கிறேன் என்பதை நான் ஏற்க மாட்டேன். விட்ட ஒரு வருடத்தில் புகையால் வந்த மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எந்த வேரும் இதைச் செய்யாது. சாராயத்தையும் விடுங்கள்.

விடுமுறைக்குப் பீமன் அருவி பார்க்க வருகிறவர்களே, வேரும் பட்டையும் கேட்டு அலையாதீர்கள். ஜமுனாமரத்தூரில் மலைமக்களே தீட்டி விற்கும் சாமையை வாங்கிக்கொண்டு போங்கள். உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நாலு காசு.

தாய்மார்களே, எல்லோரும் தின்றபின் மிச்சத்தைத் தின்று, நெஞ்சுவலியைச் சொல்லாமல் மறைப்பவர்கள் நீங்கள்தான். மாதவிடாய் நின்ற பிறகு உங்களுக்கும் கொழுப்பு ஏறுகிறது. புருஷனுக்கு ரத்தம் பார்க்க வரும்போது நீங்களும் கையை நீட்டுங்கள்.

எல்லோரிடமும் மூன்று மாதம் மட்டும் கேட்கிறேன். இரவு சாமை, அளந்த எண்ணெய், தினம் நடை, எழுதிக்கொடுத்த மாத்திரை. மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்க்க வாருங்கள். வரும்போது சாப்பிடுகிற மாத்திரைகளோடு, குடிக்கிற கஷாயம், பொடி, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். திட்டுவேன் என்று பயந்து மட்டும் எதையும் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.